வெளிச்சம் பத்தாத மேசை

எங்கள் தையல் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரே கைவேலை டீ போடுவது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நூலகத்து மாடியில் அந்த நீள அறையைக் கேட்டு வாங்கியது நான்தான். சாவி என்னிடம் இருந்தது. மேசை துடைப்பது, நாற்காலி போடுவது, யாருக்குச் சர்க்கரை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று நினைவு வைத்துக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு. ஆனால் ஊசியைக் கையில் எடுத்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தைத்த மாதிரிதான் வரும்.

நீ அந்த அறையைப் பார்த்ததில்லை. வந்தபோதெல்லாம் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் அலைந்தாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேள். உள்ளே உன் அம்மா தூங்குகிறார். வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது. பெட்டியை மூடிவிட்டு என் எதிரே உட்கார்ந்து, "அம்மாவை எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டாய். எப்போதும் சித்தி என்று கூப்பிடுகிறவள், இன்று காலையிலிருந்து கூப்பிடவில்லை. கவனித்தேன். பரவாயில்லை.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பணி ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வருவார். மனைவி போன பிறகு, அந்த அம்மாள் பாதியில் விட்ட கம்பளியை முடிக்கப் போகிறேன் என்று பின்னல் ஊசியை எடுத்தவர், அப்புறம் கீழே வைக்கவே இல்லை. பல் டாக்டரம்மா வருவார். நாளெல்லாம் பல்லைப் பிடுங்குகிற கைக்கு இதுதான் ஆறுதல் என்று சொல்லிக்கொண்டே கொக்கி ஊசியில் மேசை விரிப்புகள் பின்னுவார். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் மாட்டுவதற்காக எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய துணி ஓவியம் செய்துகொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு சதுரம். தபால்காரர் தன் சதுரத்தை முடித்துக் காட்டியபோது, "மேகம் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "அது ஆடு" என்றார் தபால்காரர். அன்று முழுக்கச் சிரித்தோம்.

உன் அம்மாவின் சதுரத்தில் ஒரு மரம். கிளைக்குக் கிளை பறவைகள், ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அவரை நான் முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் ஊசி பிடிக்கும்போது மற்றவர்கள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு அவர் நாற்காலியைச் சுற்றி நிற்பார்கள். நான் தட்டை ஏந்திக்கொண்டு அவர்கள் முதுகைப் பார்த்தபடி நிற்பேன். டீ ஆறிவிடும். திரும்பச் சூடு பண்ணுவேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் அவருக்கு இடது பக்கத்தில் கத்தரி கிடந்தது. அவர் அதைத் தேடினார். கை அதற்குப் பக்கத்திலேயே துழாவியது. நான் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த முறை டீ டம்ளரைத் தட்டிவிட்டார், நான் துடைத்தேன். எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"நேரா பாத்தா நல்லாத்தான் தெரியுது. பக்கத்துலதான் ஏதோ திரை போட்ட மாதிரி இருக்கு. யார்கிட்டயும் சொல்லாத. மக காதுக்குப் போனா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா."

"சொல்ல மாட்டேன்க்கா. இந்த அறையில வெளிச்சமே பத்தல. எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றேன்.

படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை உனக்கு எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர் போன பிறகு, கடைக்காரர் மீதிச் சில்லறை தரும்போது விரல் படுவதைத் தவிர, ஒரு மனுஷக் கை என் கையைத் தொட்டதில்லை. அக்கா ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார். கடைசிப் படி வந்தபோது இன்னும் படி இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் நான் அறைக்கு முன்னதாகவே போய், மேசைக்கு மேலே இருந்த பல்புகளைக் கழற்றிவிட்டு மங்கலானவற்றை மாட்டினேன். அன்றைக்கு எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைத்தார்கள். தபால்காரர், "இது என்ன, பொந்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தார். அக்காவின் முகம் அப்படியே தெளிந்தது. "பாத்தியா, எனக்கு மட்டும் இல்ல" என்று என் காதருகே சொன்னார். அவருடைய பயத்தைப் போக்கத்தான் செய்தேன். ஒரு மனுஷி நிம்மதியாக மூச்சு விடுவதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம்.

ஆனால் தையல் பொய் சொல்லாது. பறவைகளின் சிறகு கோட்டைத் தாண்டி ஓடியது. ஒரே இடத்தில் இரண்டு தடவை குத்தியிருப்பார், பக்கத்தில் வெறுமனே விட்டிருப்பார். கூட்டம் முடிந்ததும் துணிகளை அலமாரியில் வைத்துப் பூட்டுவது நான்தானே. அவருடைய சதுரத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். காலை வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் தைத்ததைப் பிரித்து, கோட்டின் மேல் ஒழுங்காகத் திரும்பத் தைத்தேன். முதலில் விரலெல்லாம் குத்துப்பட்டது. போகப் போகக் கை பழகியது. அவர் நூலை இழுக்கும் அழுத்தம் கூட எனக்கு வந்துவிட்டது. கூட்டத்தில் அக்கா அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். "கண்ணு எப்படியோ போகட்டும், கை இன்னும் மறக்கலை" என்பார். டாக்டரம்மாவும் தபால்காரரும் சுற்றி நின்று வியப்பார்கள். அவர்கள் வியந்தது என் தையலை. ஒரு நாளும் வாய் திறக்கவில்லை நான்.

அந்தச் சமயத்தில்தான் நீ அவருக்கு அறை தயார் பண்ணிவிட்டதாகப் போனில் சொன்னாய். ஜன்னல் பக்கம் மேசை போட்டிருக்கிறேன், அங்கே உட்கார்ந்து தைக்கலாம், வந்துவிடு அம்மா என்றாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "போகணும்னுதான் ஆசை. ஆனா இந்தக் கண்ணை வச்சுக்கிட்டுப் போய் அவளுக்குப் பாரமா உக்காரவா? கண்ணு தெளியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

கண் தெளியட்டும், அப்புறம். அந்த வார்த்தையை நான் நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா கெட்டிக்காரி. ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா சுவத்துல இடிச்சுக்கிட்டே நடக்குறாங்க, கவனிச்சீங்களா? என்கூடப் படிச்சவர் ஒருத்தர் கண் டாக்டரா இருக்கார். சொல்லி வச்சிருக்கேன், சீக்கிரம் காட்டுங்க" என்றார். நான் கூட்டிப் போகிறேன் என்றேன். அவருக்கு நிம்மதி. என்னைவிடப் பொறுப்பான ஆள் யார் இருக்கிறார்கள்?

அந்தக் கண் டாக்டருக்குப் போன் பண்ணி, வேறு இடத்தில் காட்டிவிட்டோம், நன்றி என்று சொன்னேன். அக்காவைக் கடைத்தெருவில் இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் சின்ன அறை, அதில் எழுத்துப் பலகையும் ஒரு கருவியும். கடைக்காரர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். "டாக்டர், எங்க அக்கா" என்றேன். அவர் திருத்தவில்லை, யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் அவருக்கும் பிடிக்கும் போலிருக்கிறது. சோதித்துவிட்டு, அக்கா வெளியே போய் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். "பவர்ல பெருசா மாற்றம் இல்லைம்மா. ஆனா இது கண்ணாடியில சரியாகுற விஷயம் இல்லை. இவங்க உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சரி, கூட்டிட்டுப் போறேன்" என்று தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் அக்கா, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"வயசுதான்கிறார். புதுக் கண்ணாடி போட்டா போகப் போகச் சரியாகிடுமாம்."

நீ இப்போது என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. எனக்கு விவரம் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொன்னால் உனக்குக் கொஞ்சம் இலகுவாக இருக்கும். அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடைக்காரர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. முதல் நாள், கத்தரிக்குப் பக்கத்தில் அவர் கை துழாவியபோதே எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் இதுதான். கண்ணில் பிரஷர் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். வலி இருக்காது. போன பார்வை திரும்பாது. ஆனால் மேற்கொண்டு போகாமல் சொட்டு மருந்து நிறுத்திவிடும். காலையும் இரவும் நான்தான் விடுவேன். தலையைப் பின்னால் சாய்த்து முகத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அசையாமல் இருப்பார். சாகிற வரைக்கும் பேப்பர் படித்தார் மனுஷன்.

பிறகு ஏன் அக்காவுக்கும் அதே மருந்தை வாங்கி விட்டிருக்கக் கூடாது என்று கேட்பாய். நானும் யோசித்தேன். சொட்டு மருந்து விட எவ்வளவு நேரம் ஆகும்? பாட்டிலைத் திறந்து மூடுகிற நேரம். அதற்கப்புறம் அவர் எழுந்து அந்த மேசைக்குப் போவார், எல்லோரும் சுற்றி நிற்பார்கள், நான் டீ சூடு பண்ணுவேன். அப்புறம் ஒரு நாள் உன் வீட்டு ஜன்னலோரம் போய் உட்காருவார். அக்கா இல்லாத மாலையை ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். மருந்து வாங்கப் போகவில்லை.

அவரைக் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்துக்கொண்டேன். காலையில் போய்த் தலை வாரிவிடுவேன். அடுப்பு பற்றவைத்துக் கொடுப்பேன். துணியின் நிறத்தைக் கேட்பார், சொல்வேன். "நீ இல்லேன்னா நான் என்ன ஆவேன்" என்று அவர் சொல்லாத நாளில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது நல்ல வருஷம். நீ நம்ப மாட்டாய்.

அக்கா அடிபட்ட அன்றைக்கு நான் பால் வாங்க உள்ளே போன நேரம். கடை வாசலில் நிற்கச் சொல்லியிருந்தேன். பக்கத்திலிருந்து சைக்கிள் வந்திருக்கிறது. மணி அடித்தானாம், இவர் எந்தப் பக்கம் விலகுவது என்று தெரியாமல் அதற்கு நேராகவே போயிருக்கிறார். வலது மணிக்கட்டு முறிந்தது. அப்புறம்தான் நீ வந்தாய். எலும்பு டாக்டர் சந்தேகப்பட்டுக் கண் டாக்டரைக் கூப்பிட்டார். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்து, உன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நீ சுவரில் சாய்ந்து அழுதாய். நான்தான் உன் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் அழுகையும் பொய்யில்லை.

இப்போது அவருக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் தெரிகிறது. அவரை என்னிடம் விட்டுவிட்டு நீ வேலைக்குத் திரும்பிய பிறகு துணி ஓவியத்தை மாட்டினார்கள், அக்காவையும் கூட்டிப் போனோம். மரத்துக்கு முன்னால் குழந்தைகள் நின்று பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா அக்காவின் இடது கையைப் பிடித்து ஒவ்வொரு பறவையாகத் தடவிக் காட்டினார். அக்காவின் விரல் ஒரு சிறகின் மேல் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அதே இடத்தைத் தடவினார். தான் தைக்காத தையலை விரல் கண்டுபிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"அந்தக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவர் டாக்டர்தானா?"

"டாக்டர்தான்க்கா."

"வயசுன்னுதான் சொன்னாரா?"

"அப்படித்தான் சொன்னார்."

பிறகு என் கையை விட்டார். உதறவில்லை, மெதுவாகத்தான் விட்டார். புடவைத் தலைப்பில் தன் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "மகளுக்குப் போன் போட்டுக் குடு" என்றார். நான்தான் நம்பரை அழுத்திக் கொடுத்தேன். வந்து கூட்டிட்டுப் போ என்று உன்னிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். டாக்டரைத் தவிர்த்தது, கடைக்காரர் சொன்னதை மறைத்தது, பல்பு மாற்றியது எல்லாம் நான்தான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்; எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் வந்து இதே மாதிரி சொல்கிறேன்.

வண்டிச் சத்தம் கேட்கிறது. அம்மாவை எழுப்பு. நீ பெட்டியைப் பார்த்துக்கொள், அவரை நான் படி இறக்கிக் கூட்டி வருகிறேன். உன் கை அவருக்கு இன்னும் பழகவில்லை. என் கை என்றால் அவர் பயமில்லாமல் வருவார்.