இருபத்தாறு சுற்று

செலஸ்டைன், நீ வைத்துவிட்டுப் போன பீச் பழ இனிப்பை இரண்டு நாள் வைத்திருந்து சாப்பிட்டேன். பட்டை கொஞ்சம் தூக்கல். மற்றபடி உன் அம்மா வெர்னாவின் கைப்பக்குவம் அப்படியே வந்திருக்கிறது. இந்த முதியோர் இல்லத்தில் போடும் சாப்பாட்டுக்கு உப்பும் கிடையாது, உறைப்பும் கிடையாது. அதனால் தட்டை வழித்தே சாப்பிட்டேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீ என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "ஹார்லன் மாமா, அப்பாவுக்கு அன்னிக்கு ரொம்ப வலிச்சுதா?" அப்போது மருந்து கொடுக்கிற பெண் உள்ளே வந்தாள்; நான் பேச்சை மாற்றிவிட்டேன். எட்டு வயதில் அப்பனைப் பறிகொடுத்தவள் நீ. இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாய், முறையாகப் பதில் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் குழறுவேன். எழுத இன்னும் கை ஒத்துழைக்கிறது. டிரம்ஸ் வாசித்த கை, அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது.

மேபல் லவுஞ்ச் இப்போது வரலாற்றுச் சின்னம் ஆகிவிட்டது, சந்தோஷம். நாங்கள் வாசித்த காலத்தில் அது நியூவர்க்கில் பொரித்த மீன் வாசனை போகாத ஒரு மதுக்கூடம், அவ்வளவுதான். குதிரை லாட வடிவத்தில் மதுமேடை. அதன் நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஓர் அரங்கு. மூன்று பேருக்கு மேல் ஏறினால் ஒருவன் யார் கிளாஸுக்குள்ளாவது விழுவான். அங்கே வாரத்தில் நான்கு நாள், பதினாறு வருஷம், உன் அப்பா லூசியஸ் ஆர்கன், ராஸ்கோ பிண்டர் கிடார், நான் டிரம்ஸ்.

ஆர்கன் மூவர் குழு என்றால் பேஸ், அதாவது அடிநாதம், வாசிக்கத் தனி ஆள் கிடையாது, உனக்குத் தெரியும். உன் அப்பாவின் இடது கையும் கால்களும்தான் பேஸ். வலது கை பாட்டு. நான்கும் வேலையாக இருக்கிற மனிதனுக்குச் சாடை காட்ட மிச்சம் இருப்பது முகவாய் ஒன்றுதான். பாட்டை முடிக்க வேண்டுமென்றால் லூசியஸ் முகவாயை மேலே தூக்குவான். நான் பார்ப்பேன், ஓர் உருட்டு உருட்டுவேன், அடுத்த அடியில் மூவரும் நிற்போம். எத்தனை பேர் கத்தினாலும், நான் உருட்டாமல் பாட்டு முடியாது. அது எங்கள் சட்டம். ஆர்கன் பக்கவாட்டில் நின்றதால் ராஸ்கோவுக்குத் தெரிந்தது லூசியஸின் முதுகு, சனத்துக்குத் தெரிந்தது தோள். முகம் எனக்கு மட்டும்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ப்ளூஸ் சூடு பிடித்ததும் ஆர்கன்காரன் வலது கையின் ஒரு விரலால் ஒரே கட்டையை அழுத்தி, அப்படியே விடாமல் பிடிப்பான். ஆர்கன் கட்டையை எவ்வளவு நேரம் அழுத்துகிறாயோ அவ்வளவு நேரம் அது பாடும், மூச்சு வாங்காது. கீழே பேஸ் நடக்கும், நாங்கள் இருவரும் கொதிக்க வைப்போம், சனம் சுற்று சுற்றாக எண்ணும். மெட்டு ஒருமுறை முழுசாக வந்து திரும்பினால் ஒரு சுற்று; எங்கள் வேகத்தில் அது அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. லூசியஸ் பதினான்கு சுற்று வரை பிடித்திருந்தான். உச்சத்துக்கு வந்ததும் நெற்றியை ஆர்கன் மரத்தில் சாய்த்துக்கொள்வான், ஜெபம் பண்ணுகிறவன் மாதிரி. அதைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் வருவார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகப் பட்டது. நான் சொன்னதில்லை.

அந்த வருஷம், அறுபத்தாறில், அவன் நெஞ்சு தகராறு பண்ண ஆரம்பித்தது. டாக்டர் லாட்டிமோர் நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை கொடுத்தார். லூசியஸ் தன் தொப்பியையே தேடுகிற ஆசாமி. அதனால் உன் அம்மா ஒரு குப்பியை என்னிடம் கொடுத்தாள். "அண்ணே, இவரை நம்ப முடியாது. உங்க சட்டைப் பையில இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்," என்றாள். இரண்டு முறை அப்படி நடந்தது. பாட்டின் நடுவில் லூசியஸ் முகவாயைத் தூக்கினான், நான் முடித்தேன், குனிந்து மாத்திரையைக் கொடுத்தேன். சனத்துக்கு நான் ஏதோ கூத்துக்குக் குனிந்த மாதிரி இருந்தது. ஐந்து நிமிடத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது. மாத்திரை நல்ல மாத்திரை.

பிப்ரவரியில் ரெக்கார்டு கம்பெனி வந்தது. மேபலிலேயே, சனத்தோடு, ஒரு சனிக்கிழமை நேரடியாகப் பதிவு. அன்று மதியம் ஒலிவாங்கிகளை மாட்டிக்கொண்டிருந்தபோது நானும் லூசியஸும் சமையலறையில் மீன் சாண்ட்விச் சாப்பிட்டோம். காரச் சாற்றை ஊற்றிக்கொண்டே அவன் சொன்னான், அடுத்த ரெக்கார்டிலிருந்து டிரம்ஸில் பிட்ஸ்பர்க் ஆள் ஒருவன் உட்காருவான் என்று. கம்பெனி கேட்கிறதாம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"நான்தான்டா அவன் பேரையே சொன்னேன்," என்றான். "பொய் சொல்ல எனக்கு வராது, ஹார்லன். உன் கை கனத்துப் போச்சு. இங்க மேபல்ல நீதான், அதுல மாத்தமில்ல. வெளியூருக்குத்தான் அவன்." பிறகு என் தட்டைப் பார்த்து, "அந்த ஊறுகாய நீ திங்கப் போறியா?" என்றான்.

ஊறுகாயை அவனுக்குக் கொடுத்தேன். கோபம் வந்ததா என்று கேட்பாய். வரவில்லை. வலித்தது, அதை மறைக்க மாட்டேன்; நெஞ்சுக்குள் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் கோபம் என்பது கையைத் தாளத்துக்கு முன்னால் ஓட வைக்கும். அந்த ரெக்கார்டை எடுத்துக் கேள். எங்காவது நான் ஓடியிருக்கிறேனா பார்.

அன்று கூட்டம் கதவுக்கு வெளியே நடைபாதை வரை. உனக்கு அம்மை போட்டிருந்ததால் உன்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு உன் அம்மா மஞ்சள் கவுனில் வந்திருந்தாள்; மதுமேடையில் எனக்கு நேர் எதிரே அவள் நாற்காலி. டாக்டர் லாட்டிமோர் வழக்கம்போல வளைவில், என் வலது கைப்பக்கம், பத்து எட்டு தூரத்தில். மதுக்கூடத்து முதலாளி மேபல் அன்று புதுப் பொய்முடி வைத்திருந்தாள். என்னைப் பார்த்து, "மீக்ஸ், இன்னிக்காவது என் ஐஸ் வாளியவிட நல்லா சத்தம் போடு, ஊரே கேக்கப் போகுது," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். லூசியஸும் சிரித்தான்.

மூன்றாவது பாட்டு நடுத்தர வேகத்தில் ஒரு ப்ளூஸ். லூசியஸ் கட்டையைப் பிடித்தான். ஒன்று, இரண்டு என்று சனம் எண்ண ஆரம்பித்தது. ஒன்பதாவது சுற்றில் அவன் முகவாயைத் தூக்கினான்.

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன், அது உண்மையில்லை. நெற்றி நனைந்து, உதடு சாம்பல் நிறமாகியிருந்தது. மாத்திரைக் குப்பி என் சட்டைப் பையில், ஒவ்வொரு அடிக்கும் கிலுகிலுவென்று என் நெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தது. அப்போது நான் யோசித்ததைச் சொல்கிறேன். ஒன்பதில் நிறுத்தினால் ரெக்கார்டு வீண். அவனுக்கே அது பிடிக்காது. இன்னும் இரண்டு சுற்று போகட்டும், என்றுதான் நினைத்தேன். நியாயமான நினைப்புதான்.

பதினொன்றில் மறுபடியும் தூக்கினான். இம்முறை கண்ணையும் சேர்த்து. அவன் எழுந்து போயிருக்கலாமே என்பாய். எழ முடிகிற நிலை அல்ல அது. தவிர, பாட்டின் நடுவில் எழுவது அவன் ரத்தத்தில் இல்லை. முடித்துத் தர நான் இருக்கிறேன் என்று நம்பிப் பழகியவன். பன்னிரண்டில் பேஸ் தடுமாறியது. அந்த நோவு இடது கையில்தானே இறங்கும். ராஸ்கோ திகைத்து என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டி, நீ எடுத்துக்கொள் என்றேன். அவன் கிடாரின் தடித்த தந்தியில் பேஸை எடுத்துக்கொண்டான். நல்ல வாத்தியக்காரன், கேள்வி கேட்க மாட்டான். நான் செய்தது தெரியாமலே போய்ச் சேர்ந்தான்.

பதினான்கு தாண்டியதும் கட்டடம் ஆடியது. பழைய கணக்கை உடைத்தாகிவிட்டது அல்லவா. உன் அம்மா நாற்காலி மேல் ஏறி நின்றாள். எல்லாக் குரலுக்கும் மேலே அவள் குரல் கேட்டது.

"விடாத, லூசியஸ், விடாத!"

ரெக்கார்டில் அது தெளிவாக இருக்கிறது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா குரலைக் கேட்கத்தான் அதைப் போடுவேன் என்று நீ சொன்னாய். அவளுக்கு அவன் அந்தக் கணத்தில் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது தெரியாது. "ஹார்லன்," என்றான். சத்தம் வரவில்லை, உதடு மட்டும். இரண்டு முறை. பிறகு, "மாத்திர" என்றான். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. பதினாறு வருஷம் அந்த முகத்தையே படித்துக்கொண்டிருந்தவன் நான். நான் சிம்பலைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். கனத்த கை என்றானே, அந்தக் கை பஞ்சு மாதிரி இருந்தது.

பதினேழின் கடைசியில் அவன் நெற்றி மரத்தில் சாய்ந்தது. எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள், அவனுடைய பழைய வித்தை என்று. வலது கை முழங்கை வரை கட்டைகள் மேல் விழுந்தது. அந்த இடத்தில் ரெக்கார்டில் நாதம் திடீரென்று தடித்து விரியும், கவனித்திருப்பாய். ஒரு பத்திரிகைக்காரர் அதைப் பற்றி, லூசியஸ் ட்ரெட்வெல் அங்கே பரலோகத்தின் கதவைத் திறக்கிறார் என்று எழுதினார். நான் அதை வெட்டி வைத்திருக்கிறேன். அது முழங்கை, செலஸ்டைன்.

ஆக, உன் கேள்விக்குப் பதில்: வலித்தது. ஒன்பதிலிருந்து பதினேழு வரை, மூன்றரை நிமிடம் வைத்துக்கொள். பயமும் இருந்தது. வலியைவிட அதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை; ஏன் என்று கேட்கிற பார்வைதான் இருந்தது. அது ஒரு விதத்தில் ஆறுதல்.

அப்போதும் டாக்டர் பத்து எட்டில்தான் கைதட்டிக்கொண்டிருந்தார். அப்போது நிறுத்தியிருந்தால்கூட ஏதாவது செய்திருப்பாரோ என்னவோ. நான் நிறுத்தவில்லை. இன்னும் ஒன்பது சுற்று வாசித்தேன். இருபத்தாறில் உருட்டி முடித்தேன். ராஸ்கோ நின்றான். நாதம் நிற்கவில்லை. சனம் அதற்கும் சிரித்துக் கைதட்டியது. பிறகு கைதட்டல் ஓய்ந்தது. நாதம் மட்டும் இருந்தது. மேபல்தான் ஏறிவந்து ஆர்கனின் சுவிட்சை அணைத்தாள். அணைத்தால் அது சட்டென்று நிற்காது, சுருதி வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கித்தான் அடங்கும். உன் அம்மா நாற்காலியிலிருந்து இறங்கியது அப்போதுதான். கம்பெனிக்காரர்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கேட்டாள், "அண்ணே, அவர் மாத்திர கேக்கவே இல்லையா?" கேட்கவில்லை, நேரமே இருக்கவில்லை, நொடியில் போய்விட்டான் என்றேன். அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவர் தனியாப் போகல, நீங்க பக்கத்துல இருந்தீங்க என்றாள். அவள் சாகும்வரை ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்குச் சாப்பாடு அனுப்பினாள். அந்த ரெக்கார்டின் பேரில் நான் ஐரோப்பாவெல்லாம் சுற்றினேன். பாரிஸில் ஓர் ஆள் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிட்ஸ்பர்க்காரன் பெயர் இன்று யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ போலீஸுக்குப் போகலாம். எண்பத்து மூன்று வயதுக்காரனை அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அது உன் இஷ்டம். மனச்சாட்சி உறுத்தி இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே; நான் நன்றாகத் தூங்குகிறேன்.

விஷயம் வேறு. சுவரில் பதிக்கப் போகும் பித்தளைப் பலகையின் வாசகத்தை மேசையில் விட்டுப் போயிருக்கிறாய். "லூசியஸ் ட்ரெட்வெல் இந்த அரங்கில் ஒரே நாதத்தை இருபத்தாறு சுற்றுகள் பிடித்தார்" என்று போட்டிருக்கிறது. அது தப்பு. உன் அப்பா பிடித்தது பதினேழு. மிச்சம் ஒன்பதும் நான் வாசித்தவை. அந்த ஒன்பதில் என் கை கனக்கவே இல்லை, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். கொத்துவதற்கு முன்னால் திருத்தச் சொல். என் பெயரைப் போடும்போது மீக்ஸ், கடைசியில் ஒரு எஸ்தான்.