கபடி அணிக்கு நான் போட்ட ஊசி

என் பெயர் சுருளிராஜன். வயது 47. தகப்பனார் பெயர் சின்னக்கருப்பு. அனுமந்தன்பட்டி கிழக்குத் தெருவில் மனைவியோடும் மகளோடும் குடியிருக்கிறேன். உத்தமபாளையம் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் பதினோரு வருடமாக உடற்கல்வி இயக்குநராக வேலை பார்க்கிறேன். நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று நீதித்துறை நடுவர் ஐயா எடுத்துச் சொன்னார். யோசித்துவிட்டு வரும்படி ஒரு நாள் அவகாசமும் கொடுத்தார். யோசிக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டி அழைத்து வரவும் இல்லை.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் போடியில் ஒரு மருந்துக் கடையில் ஆறு வருடம் இருந்தேன். அங்கே வருகிறவர்களுக்கு ஊசி போட்டுப் பழகினேன். அதற்காக எதுவும் படித்ததில்லை. எனக்குக் கைராசி உண்டு என்று ஊரில் சொல்வார்கள். அதில் எனக்கு மண்டைக்கனமும் உண்டு.

2023 ஜூன் மாதத்திலிருந்து, ஒவ்வொரு போட்டிக்கும் முந்தின நாள் கல்லூரிக் கபடி அணிப் பையன்களுக்குச் சத்து ஊசி போட்டு வந்தேன். பெரிய குப்பி ஒன்றிலிருந்து மருந்தை ஒரே சிரிஞ்சில் திரும்பத் திரும்ப எடுத்து எல்லாருக்கும் போடுவேன். ஆளுக்கு ஆள் முனை ஊசியை மட்டும் மாற்றுவேன். முனையை மாற்றினால் சுத்தம் என்றுதான் மருந்துக் கடையில் பழகியிருந்தேன். பையன்களிடமும் அதைப் பெருமையாகச் சொல்வேன். அவர்கள் பயப்படக் கூடாது என்பதற்காக முதல் ஊசியை அவர்கள் முன்னால் எனக்கு நானே தொடையில் போட்டுக்கொள்வேன். ஊசி போட்டு முடித்த பிறகு எல்லாரும் கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் வீரணன் என்பவரின் சலூனுக்குப் போய் ஒட்ட முடி வெட்டிக்கொள்வார்கள். பிடிக்கிறவன் கைக்கு முடி சிக்கக் கூடாது என்று அணியில் வைத்திருந்த வழக்கம் அது. மேற்படி வீரணன் ஒவ்வொருவர் கண் முன்னாலும் புது பிளேடைக் காகிதத்தோடு இரண்டாக உடைத்துத்தான் கத்தியில் மாட்டுவார். நானே பல தடவை பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் ஜனவரி மாதக் கடைசியில், எங்கள் கல்லூரியின் நுண்ணுயிரியல் உதவிப் பேராசிரியை எப்சிபா அவர்கள், மாணவர்களிடையே ஹெபடைட்டிஸ் சி என்ற கல்லீரல் கிருமி எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கெடுப்பதற்காக, சம்மதித்த 402 பேரிடம் ரத்தம் எடுத்துச் சோதித்தார். அதன் பிறகு பிப்ரவரி 14 அன்று காலை பதினொரு மணிக்கு மைதானத்துக்கு வந்து என்னைத் தனியாக அழைத்தார். பத்துப் பேருக்குக் கிருமி இருப்பதாகத் தெரிகிறது, அதில் ஒன்பது பேர் கபடி அணி என்று சொன்னார். “நானூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்கு இருந்தாலே அதிகம் சார். உங்க பசங்களுக்குப் பொதுவா என்ன இருக்கு?” என்று கேட்டார். பச்சை குத்துவது, சவரக் கத்தி, ஊசி என்று வரக்கூடிய வழிகளை அவரே வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். முனையை மாற்றினாலும் சிரிஞ்சுக்குள் ரத்தம் ஏறிக்கொள்ளும், குப்பி மருந்திலும் கலந்துவிடும் என்று அப்போது சொன்னார். அந்த நிமிடமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான், “அம்புட்டுப் பேரும் வீரணன் கடையிலதான் மேடம் முடி வெட்டுவாங்ஙெ” என்று சொன்னேன். வேலை போய்விடும், ஊரில் தலை காட்ட முடியாது என்பது தவிர அந்த நேரத்தில் வேறு எதுவும் என் மனதில் இல்லை.

எப்சிபா அவர்கள் அதை உடனே நம்பிவிடவில்லை. வீரணனையும் பார்த்துப் பேச வேண்டும், யாரும் அவசரப்பட்டு எதுவும் சொல்லக் கூடாது என்றார். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்று பையன்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

அதன் பிறகு பிப்ரவரி 19, புதன்கிழமை பிற்பகல் மூன்றரை மணி அளவில் அணித் தலைவன் சசிதரன், வயது 20, மைதானத்துக்கு என்னைப் பார்க்க வந்தான். அவன் போலீஸ் வேலைக்கு உடல் தகுதித் தேர்வு முடித்து மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருந்தவன். “நான் என்ன தப்பு சார் பண்ணேன்? ஒரு பீடி கூடக் குடிச்சதில்ல. வீட்ல என்னை ஒரு மாதிரியா பாக்குறாக சார்” என்று அழுதான். களத்தில் மூக்கு உடைந்தபோதுகூட அழாத பையன். நான் அவனிடம், “எல்லாம் அந்த வீரணன் கத்தியில வந்ததுதான்லே” என்று சொன்னேன். எப்சிபா அவர்களிடம் சொன்னபோதாவது எனக்கு நாக்கு ஒட்டியது. இரண்டாம் தடவை சரளமாக வந்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். அதன் பிறகு நான் களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். நான்கு மணி அளவில் சசிதரனும் அணியில் இன்னும் மூன்று பேரும் ரோட்டைத் தாண்டி வீரணன் கடைக்குள் போனதைப் பார்த்தேன். கண்ணாடி உடைகிற சத்தமும் அதன் பிறகு வீரணன் “ஏலே, நானில்லடா” என்று கத்துகிற சத்தமும் கேட்டன. மைதானத்திலிருந்து கடைக்கு நூறு தப்படிகூட இருக்காது. எனக்குப் பயமாக இருந்தது. நான் போகவில்லை. கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். கூட்டம் கூடிய பிறகு போய்ப் பார்த்தபோது, சவர நாற்காலியின் இரும்புக் கால்மிதியில் தலை மோதி வீரணன் நினைவில்லாமல் கிடந்தார். தரை முழுவதும் பிளேடு சுற்றியிருந்த காகிதங்கள் சிதறிக் கிடந்தன. ஆம்புலன்ஸில் அவரைத் தேனி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை நான் மருத்துவமனைக்குப் போனேன். வீரணனின் மனைவி மொக்கம்மாள் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலையில் இருந்தபோது தகவல் கிடைத்து அப்படியே வந்தவர். கொடிக்கு அடிக்கிற மருந்தின் நீலக் கறை விரல்களில் போகாமல் இருந்தது. வீரணனுக்கு ஏற்றிய ரத்தத்துக்குப் பதிலாக ஆட்கள் வந்து ரத்தம் கொடுத்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள். நான் கொடுத்தேன். பாவத்தில் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். மொக்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “காலேஜிலருந்து நீங்க ஒரு ஆளாச்சும் வந்தீகளே சார்” என்றார். அதன் பிறகு, “அவருக்கு அந்தச் சீக்கு இருக்கானு சோதிச்சுப் பாத்தாக. இல்லைனு சொல்லிட்டாக. இத அந்தப் பசங்ககிட்டச் சொல்லுங்க சார், கோவம் தீந்துரும்” என்றார். சரி என்று சொன்னேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 22 அன்று காலை வீரணன் நினைவு திரும்பாமலே இறந்துபோனார். அன்று மாலை ரத்த வங்கியிலிருந்து என்னைத் தனியாக வரச்சொன்னார்கள். நான் கொடுத்த ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி இருக்கிறது, அதை யாருக்கும் ஏற்றவில்லை, அழித்துவிட்டோம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். எப்போதாவது எனக்கு ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டார். 1999-இல் கோட்டூர் விலக்கில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது மூன்று பாட்டில் ஏற்றியதாகச் சொன்னேன். கிருமி அப்போதே வந்திருக்கலாம், இத்தனை வருடமும் வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம் என்றார். பையன்களில் யாருக்கோ இருந்தது என் சிரிஞ்சு வழியாகப் பரவியது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் ஊசி என் தொடையில் ஏறியது. அந்தச் சிரிஞ்சால்தான் ஒவ்வொரு தடவையும் அவர்களுக்குப் போட்டிருக்கிறேன். மேற்படி நான்கு பையன்கள் மேலும் இப்போது கொலை வழக்கு இருக்கிறது. அடித்தது அவர்கள் குற்றம். அடிக்கக் காரணம் கொடுத்தது நான்.

மார்ச் 9 அன்று நடந்த வீரணனின் கருமாதிக்கு மொக்கம்மாள் போன் செய்து என்னை அழைத்தார். போகாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. அங்கே வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரிடமும், “இவுகதான் நம்ம வீட்டுக்காரருக்கு ரத்தம் குடுத்த சார்” என்று சொல்லி, முதல் பந்தியில் என்னை உட்கார வைத்து அவரே பரிமாறினார். இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டேன். மறுநாள் காலை இந்த நீதிமன்றத்துக்கு வந்து மனுக் கொடுத்தேன்.

மொக்கம்மாளுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. இந்த வாக்குமூலத்தை அவருக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு முழுதும் படித்துக் காட்டப்பட்டது. இதில் பொய் ஏதும் இல்லை. மாற்றச் சொல்ல ஒரு வரியும் இல்லை.

(ஒப்பம்) சி. சுருளிராஜன்
12.03.2025