தட்டிப் பார்த்த மூலை

பழைய டைல்ஸ் மேல் புதுத் தரை போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு டைலையும் தட்டிப் பார்க்க வேண்டும், இன்ஸ்பெக்டர். சுத்தியலின் மரப்பிடியே போதும். கணீரென்றால் விட்டுவிடலாம். பொத்தென்றால் பெயர்த்தெடுத்து, குழியைக் கலவையால் நிரப்பி, வழவழப்பைத் தேய்த்தெடுத்து, தூசியை உறிஞ்சிவிட்டுத் தண்ணீர் புகாத பூச்சு பூச வேண்டும். மேலே வருவது பிசினில் குழைத்த கூழாங்கல் தரை. மழைத்தண்ணீர் அதில் தேங்காது, இறங்கிவிடும். அடியில் ஓட்டை இருந்தால் அங்கேயும் இறங்கும்.

நேற்று என் வக்கீலம்மா சொன்னார்: "வெண்டலின் ஐயா, மூலையைத் தட்ட மறந்துட்டேன்னு சொல்லிடுங்க. கவனக்குறைவுன்னு போட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

எஸ்லிங்கன் ஊர் முழுக்க நான் போட்ட தரைகள் இருக்கின்றன. மறந்தேனாம்.

வீட்டுக்காரர் கெப்ஹார்ட் மாடியில் இருந்தார். நானும் என் மனைவி ஹெட்விக்கும் கீழே. வாசற்படி டைல்ஸ் பனிக்காலத்தில் கண்ணாடியாய் வழுக்கும். கூழாங்கல் தரை போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"என் படி எனக்கு அழகாத்தான் இருக்கு" என்பார்.

பெருக்குவதும் பனி தள்ளுவதும் எங்களுக்குள் முறை வாரம்: ஒரு வாரம் கீழ்வீடு, மறுவாரம் மாடி. ஹெட்விக் தன் வாரத்தில் பனி தள்ளப் போனவள், வழுக்கி விழுந்தாள். பின்மண்டையில் அடி. அடக்கம் முடிந்து எல்லோரும் காபியும் கேக்கும் சாப்பிடும்போது கெப்ஹார்ட் என் தோளைத் தட்டினார்.

"அவ முறை வாரம்தானேப்பா? பனி உருக உப்புத் தூவியிருக்கணும். நான் என்ன பண்றது?"

எனக்குக் கோபம் வரவில்லை. கேக் நன்றாக இருக்கிறது என்றேன்.

அடுத்த கோடையில் அவரே கூப்பிட்டார். "பக்கத்து வீட்டான் பால்கனியில கூழாங்கல் போட்டுட்டுப் பீத்திக்கிறான். நமக்கும் போடுப்பா."

படிக்கு இல்லை. பால்கனிக்கு.

எல்லா டைலையும் தட்டினேன். கைப்பிடிக் கம்பி ஊன்றியிருந்த மூலை பொத்தென்றது. மறுபடி தட்டி உறுதி செய்துகொண்டேன். அந்த டைல்களை அப்படியே விட்டேன். பூச்சையும் அந்த மூலைக்கு முன்னாலேயே நிறுத்தினேன். தண்ணீர் வாட்டத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, மேலே கூழாங்கல் பரப்பினேன். அருமையாக வந்தது.

"இந்த மூலையிலதான் வெயில் நல்லா விழும். நாற்காலியை இங்க போட்டுக்குங்க" என்றேன்.

"உனக்கு நல்ல மனசுப்பா" என்றார்.

சில குளிர்காலங்கள் தண்ணீர் இறங்கியது, உறைந்து விரிந்தது, உருகியது. இந்த மார்ச்சில் நாற்காலியிலிருந்து எழுவதற்குக் கம்பியைப் பிடித்தார். கம்பியோடு கீழே வந்தார்.

முற்றத்தில் உயிரோடுதான் கிடந்தார். "வெண்டலின், ஆம்புலன்ஸுக்குப் போன் போடுப்பா" என்றார், தெளிவாகவே.

அது என் முறை வாரம். சிதறிய கற்களை முதலில் பெருக்கினேன், சந்துபொந்து விடாமல். துடைப்பத்தை மாட்டிவிட்டுப் போன் செய்தேன். அதற்குள் அவர் பேச்சு நின்றிருந்தது. அவருடைய முறை வாரமாக இருந்திருந்தால் உடனே செய்திருப்பேன்.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மறந்துவிட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் கோபக்காரன் இல்லை, இன்ஸ்பெக்டர். என் வேலையைக் குறை சொன்னால்தான் பொறுக்காது.