ரோட்டுக் கல்லுக்கு மஞ்சள்

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், "ரோட்டுக் கல்லுக்கு நானே மஞ்சப் பூசிக் கெட்டேன் மாமா" என்றார் முன் பெஞ்சுக்காரர். ஜில்லா போர்டுக்கு மூன்று மனுப் போட்டுப் பதிலே காணாதவன் நான். விரித்த புத்தகத்தை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எதுக்குப் பூசினே?" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர்.

"புது ரோட்டுக்குன்னு அளந்து என் வெத்தலைக் கொடிக்கால்ல கல்லு நட்டுப்போட்டாங்க. மனுக் குடுத்தேன். சாமின்னா ரோடு தள்ளிப் போயிருமின்னு மஞ்சளும் பூசிப் பூ வெச்சேன்."

"போச்சா?"

"மனுவைப் பார்த்து, கல்லைப் பிடுங்கி போர்டு மெம்பரு வாழைத் தோட்டத்துல நடச் சொல்லி உத்தரவே வந்துதுங்க. பிடுங்க வந்த ஆளுங்க கும்பிட்டுட்டுத் திரும்பிட்டாங்க. எம் பொண்டாட்டியும் தொட உடமாட்டேங்கறா. கல்லு நகரலீன்னா ரோடும் நகராது, சாமி ஓரமா இருந்துக்கட்டுங்கறாரு ஓவர்சியரு."

பெரியவர் அவர் பக்கம் திரும்பினார்.

"மஞ்சப் பூசற ரோசனை உன்னுதா மாப்ள?"

"இல்லீங்க மாமா. மெம்பரோட மச்சான் சொன்னாரு. மஞ்சளும் அவருதான் குடுத்தாரு."