ருமானி மரத்தின் கிழக்குக் கிளை

மாங்காயைக் காம்போடுதான் பறிக்க வேண்டும். காம்பு ஒடிந்தால் பால் வடிந்து தோலில் கறுப்பாகக் கோடு விழும். பழுத்த பிறகு அந்த இடம்தான் முதலில் அழுகும். இரண்டு விரல் நீளம் காம்பு விட்டுக் கத்தரித்து, ஒரு பகல் முழுக்கச் சாக்கின் மேல் கவிழ்த்து வைத்து, அப்புறம் வைக்கோலில் அடுக்கினால் ஒரு வாரத்தில் தானாக நிறம் மாறும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

என் பெயர் ஜானகிராமன். கடலோரத்தில் இருக்கும் ஆராய்ச்சி ஆபீஸில் வரைபடம் போடுகிற வேலையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். திருக்கழுக்குன்றத்திலிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போகிற சாலையில் மனை வாங்கி வீடு கட்டியது 1988இல். வீட்டுக்குக் கரண்ட் வருவதற்கு முன்பே பின்பக்கம் ஒரு ஒட்டு ருமானிக் கன்று நட்டுவிட்டேன். ருமானி ஆப்பிள் மாதிரி உருண்டையாக இருக்கும், தோல் மெல்லியது, மற்ற மாம்பழமெல்லாம் ஓய்ந்த பிறகு ஆனிக் கடைசியில் வரும். ஆபீஸ் பஸ்ஸில் எனக்கு ‘மாம்பழ சார்’ என்றே பெயர். குவார்ட்டர்ஸ் கிளப்பில் ஒருமுறை மைக் பிடித்து, வீட்டுத் தோட்டத்தில் மா வளர்ப்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். என் மரத்தில் இதுவரை ஒரு புழு ஏறியதில்லை என்று அன்றைக்குச் சொன்னேன். கை தட்டினார்கள்.

2001ஆம் வருஷம் ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சடையப்பன் அந்த மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். குடித்துவிட்டு மரம் ஏறியதால் தவறி விழுந்தான் என்று ஸ்டேஷனில் எழுதியிருக்கிறது. அப்படி எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

சடையப்பன் எங்கள் பின் தெருவில் இருந்தான். அப்பா அம்மா பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனவர்கள். அவன் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் கல்லுக்கு மெருகு போடுகிற வேலை பார்த்தான். மாங்காய்க் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் ஏறுவான். எனக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவன் என்னை ‘சார்’ என்பான், நான் அவனை ‘வாப்பா, போப்பா’ என்பேன். ‘வாடா’ என்று சொல்லாததே பெரிய மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடி அவனிடம் இருந்தது உண்மை. அதனால் அவன் மனைவி கன்னியம்மா ஒரு தடவை கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லாத குடும்பம். அவள் போனதும் அவன் ஒடுங்கிப்போனான். 1999 தையில் மலைக் கோயில் படியில் அவள் கையில் சூடத்தை ஏற்றி, அதை அடித்து அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து கூட்டிவந்தான். அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. எனக்கு இது நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் ஒழுங்கு.

இனி மரத்தைப் பற்றி. மா ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஓயும். 2001 என் மரத்துக்கு ஓய்வு வருஷம். ஆனால் கிழக்குப் பக்கம் துவைக்கிற கல்லுக்கு மேலே நீண்டிருந்த கிளை மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. பார்த்தவர்கள் அதிசயப்பட்டார்கள். நான் அதிசயப்படவில்லை. சாகப் போகிற கிளை கடைசியாக ஒருமுறை அப்படிக் காய்க்கும்.

அதற்கு முந்தின கார்த்திகையில் அந்தக் கிளையின் அடியில் மரத்தூள் கொட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். தண்டு துளைக்கிற புழு. கம்பியை விட்டுக் குத்தி மூன்று புழுக்களை இழுத்தேன், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் கனம். பெட்ரோலில் நனைத்த பஞ்சை அடைத்துப் பார்த்தேன். கம்பி தடையில்லாமல் முழங்கை நீளம் உள்ளே போயிற்று. அப்போதே கிளையை அறுத்துத் தள்ளியிருக்க வேண்டும். அறுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் என்று கேட்பார், ஆபீஸ் பஸ்வரை விஷயம் போய்விடும். ஆகவே சிமெண்டும் மணலும் குழைத்து, பல்லை அடைப்பது போல ஓட்டையை அடைத்தேன். மேலே களிமண் பூசி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசையை எல்லாக் கிளைகளுக்கும் ஒரே மாதிரி தடவினேன். வரைபடக்காரன் கை, ஒட்டுப் போட்ட இடம் வெளியே தெரியவே இல்லை. பிரபாவதிகூட, மரத்துக்கு எதற்குப் பவுடர் பூசுகிறீர்கள் என்று சிரித்தாள். பிரபாவதி என் மனைவி.

ஜூலையில் எங்கள் பெரிய ஆபீசருக்கு பம்பாய்க்கு மாற்றல் வந்தது. போவதற்கு முன் உங்கள் ருமானி இரண்டு டஜன் வேண்டும், ஜானகிராமன் என்று வராந்தாவில் நாலு பேர் எதிரில் கேட்டார். இந்த வருஷம் காய்ப்பு இல்லை சார் என்று சொல்லியிருக்கலாம். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்றேன்.

அந்த ஞாயிறு பிரபாவதி மாம்பலத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். சடையப்பன் எட்டு மணிக்கு வந்தான். குளித்து நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தான். அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

“இன்னா சார், மரம் பூரா சும்மா கீது, இது ஒண்ணு மட்டும் இப்புடிக் காய்ச்சிருக்கு?”

ஏறினான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கிளையிலும் கால் வைப்பதற்கு முன் கத்தியின் பின்பக்கத்தால் தட்டிக் கேட்பான். கல்லைத் தட்டியே குற்றம் கண்டுபிடிக்கிற பட்டறையில் வேலை செய்கிறவன். கிழக்குக் கிளையின் அடியில் தட்டினான். அங்கே என் சிமெண்ட் இருந்தது, கெட்டியாகத்தான் கேட்டிருக்கும். ஒரு முழம் தள்ளித் தட்டினான். நின்றான்.

“சார், இங்க தட்டுனா சத்தம் வேற மாரி வருது. தாங்குமா?”

“வாராவாரம் நான்தானேப்பா பார்க்கறேன். ஒண்ணும் ஆகாது, போ.”

“இங்கருந்தே தொரட்டி போட்டு இழுத்துடட்டுமா?”

“காம்பு ஒடிஞ்சிடும். கையால பறி.”

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. அவன் போனான். படித்த மனுஷன், மரத்துக்குச் சொந்தக்காரன் சொல்கிறான் என்று போனான். அவன் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. விழமாட்டான் என்று நினைத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். நான் இரண்டு டஜன் மாங்காயை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு காய் பறித்துக் கோணியில் இறக்கியிருந்தான். கிளை பெரிய சத்தம்கூடப் போடவில்லை. அவன் இடுப்பு துவைக்கிற கல்லின் விளிம்பில் அடித்தது.

ஆட்டோவுக்கு ஓடினேன் என்று ஸ்டேஷனில் சொன்னேன். ஓடியது உண்மை. ஆனால் உடனே ஓடவில்லை.

அவன் நினைவோடு இருந்தான். ரத்தம் வெளியே அதிகம் இல்லை, முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் கிடந்த கிளையின் முறிந்த வாயைப் பார்த்துக்கொண்டு, யார் மேலும் கோபம் இல்லாமல், எனக்குத் தகவல் சொல்வது போலச் சொன்னான்.

“சார், கிளைக்குள்ள ஒண்ணுமே இல்ல சார். சிமிட்டிதான் கீது.”

இரண்டாம் தடவையும் சொன்னான். ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் சொல்வான் என்று எனக்குப் பட்டது. போலீஸ் வந்து பார்க்கும். அரசாங்க வேலை, கேஸ் என்று வந்தால் சஸ்பென்ஷன். கிளப்பில் பேசிய பேச்சு வேறு. மனது அந்த நேரத்தில் இவ்வளவு தெளிவாக வேலை செய்யும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

ரம்பத்தை எடுத்துவந்தேன். மரத்தோடு ஒட்டி நின்ற முறிவை, ஓட்டை முடிந்து நல்ல கட்டை தெரியும்வரை அறுத்தேன். வெட்டுவாயில் பசை தடவினேன். கீழே விழுந்த கிளையிலிருந்து பொந்தான பகுதியை மட்டும் தனியாக அறுத்து, வெந்நீர் அடுப்புக்கு அடுக்கியிருந்த விறகுக்கு அடியில் செருகினேன். இலையும் காயுமாகக் கிடந்த மீதியை இழுத்துப்போய்க் கொல்லை மூலையில் சருகுக் குவியலுக்குள் மறைத்தேன். சிமெண்ட் கட்டியைக் கிணற்றில் போட்டேன். இதற்கெல்லாம் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. நடுவில் அவன் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன் என்பதை நானே எனக்குப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அலமாரியில் இருந்த ரம் ஞாபகம் வந்தது. என் மைத்துனன் பாலா மிலிட்டரி கேன்டீனிலிருந்து கொண்டுவந்து பாதி வைத்துவிட்டுப் போன பாட்டில். எடுத்துவந்து சடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கிறேன் என்று அவன் எண்ணிக்கொண்டான். தலையை அந்தப் பக்கம் திருப்பினான்.

“வாணாம் சார். சூடம் அடிச்சுக்கீறேன். கன்னியம்மாவுக்குத் தெரிஞ்சா வூட்டுல சேக்கமாட்டா.”

நான் அவன் சட்டையில் ஊற்றினேன். வாயில் கொஞ்சம் விட்டேன். உதட்டைத் தாண்டிப் போனதைத் துப்பினான். துப்பிவிட்டு என்னைப் பார்த்தான். என்ன நடக்கிறது என்று அப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் கிளையைப் பற்றியும் பேசவில்லை, எதைப் பற்றியும் பேசவில்லை. அந்தப் பார்வையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, ஆட்டோவில், என் தொடையில் தலை வைத்தபடி உயிர் போயிற்று. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, ஒரு அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். வாசனையையும் குறித்துக்கொண்டார். கிழக்குக் கிளை போன வருஷமே அறுத்தது, இவன் பக்கத்துக் கிளையிலிருந்து தடுமாறினான் என்று நான் சொன்னேன். வந்து பார்த்த போலீஸ்காரர் மரத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார், சரி என்றார். அந்தக் கிளை காய்த்துத் தொங்கியதைப் பார்த்திருந்த அக்கம்பக்கத்தாரை அவர் கேட்கவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் வந்த பிரபாவதி, விறகைப் பார்த்தாளா, பாட்டிலைப் பார்த்தாளா தெரியாது. ஒன்றும் கேட்கவில்லை. அந்த மரத்துப் பழத்தை மட்டும் அவள் அதன் பிறகு வாயில் வைக்கவில்லை.

அவன் பறித்து இறக்கிய பதினோரு காயையும் நான் வைக்கோலில் வைத்தேன். நன்றாகவே பழுத்தன. ஆபீசருக்கு அனுப்பினேன். இதைச் சொல்ல மற்ற எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள் கன்னியம்மா வந்தாள். கொல்லைப்பக்கம் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஊர்ல இன்னான்னாவோ சொல்றாங்க. நான் யாரையும் நம்பல. அன்னிக்கு அவரு குடிச்சிருந்தாரா சார்? நீங்க சொன்னா நம்பறேன்.”

அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே, லேசாக வாசனை வந்ததும்மா என்றேன். ‘லேசாக’ என்று சேர்த்துக்கொண்டது கருணையினால் என்று அப்போது நினைத்தேன்.

அவள் அழவில்லை. வீட்டுக்குப் போய் அவன் படத்தைக் கழற்றி ட்ரங்குப் பெட்டியில் போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அமாவாசைக்கு அவனுக்குப் படையல் கிடையாது. சாமிக்குக் கொடுத்த வாக்கை மீறினவனுக்குச் சோறு போட்டால் அது காக்காய்க்குத்தான் போகும் என்றாளாம். அவளுக்கு எங்கள் வீட்டிலேயே வாசல் தெளித்துத் தோட்டம் பெருக்குகிற வேலை கொடுத்தேன். எட்டு வருஷமாக அந்த மரத்தின் சருகை அவள்தான் அள்ளுகிறாள். விழுந்த பழத்தை நானாகவே பொறுக்கி அவள் கூடையில் போடுவேன். ஜானகிராமன் சார் மாதிரி மனுஷன் கிடைக்கமாட்டார் என்று தெருவில் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

இப்போது எதற்கு இதையெல்லாம் சொல்கிறேன் என்று கேட்கலாம். போன வெள்ளிக்கிழமை அவள் மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்தாள். அறுபது வயது இருக்கும் அவளுக்கு. என்னம்மா இது என்றேன்.

“மலைக்குப் போயி முடி எறக்கிட்டு வந்தேன் சார். அவரு சத்தியத்த மீறிட்டுப் போய்ச் சேந்துட்டாரு. அந்தப் பாவம் போற எடத்துலயும் அவர விடாதாமே. யாராச்சும் தீக்கணும்ல? என்ன விட்டா அவருக்கு யாரு கீறாங்க.”

முந்தானை முடிச்சிலிருந்து விபூதியை எடுத்து நீட்டினாள். நான் இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டேன். பூசிக்கொண்டுதான் அன்றைக்குக் காபி குடித்தேன், பேப்பர் படித்தேன். சாயங்காலம்வரை நெற்றியைத் துடைக்கப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து எழுத ஆரம்பித்து இன்று முடித்திருக்கிறேன். சடையப்பன் சத்தியத்தைக் காப்பாற்றினான், சாகும்போதும் காப்பாற்றினான், அதை மாற்றிச் சொன்னது நான். இருபத்தைந்து நிமிஷம் அவனைச் சாக விட்டதும் நான். அவளிடம் வாயால் சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதனால்தான் ஒன்றும் விடாமல், திருத்தமான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். நாளைக் காலை பெருக்க வரும்போது அவள் கையிலேயே கொடுத்துவிடுவேன். இதில் இனி மாற்றம் இல்லை.

கன்னியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கரண்ட் பில்லோ, விதவைப் பென்ஷன் கடிதமோ, அவள் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்துச் சொல்வேன். வேறு யாரையும் அவள் நம்பமாட்டாள். இதையும் வாங்கிய கையோடு என்னிடமே நீட்டி, இன்னா சார் போட்டுக்கீது என்று கேட்பாள். என்ன படித்துச் சொல்வது என்பதையும் யோசித்து வைத்துவிட்டேன்.