குழித் தண்ணீரும் கிணறும்

மலைமேல் செம்மநத்தத்திலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு விவசாயப் பெண்ணும், கணக்கில் ஆராய்ச்சி செய்யும் அவர் கொழுந்தனாரும் இருந்தார்கள்.

“விடை ஒண்ணு இருக்குதுங்க அண்ணி. அதை நிரூபிச்சுட்டேன். என்னன்னுதான் தெரியல.”

“ஏனுங்க தம்பி, எஸ்டேட்ல காப்பிப்பழம் கழுவுன தண்ணிய மேல குழியில உடறாங்க. கீழ நம்ம கெணறு. எப்ப வந்து கலக்கும்னுதானுங்க கேட்டேன்.”

“மண்ணுக்குள்ள கலந்துக்கிட்டேதானுங்க நகரும். கணக்குப்படி, குழியில ஊத்துன நிமிஷமே கெணத்துல துளியாச்சும் இருக்கும்.”

அவர்கள் ஊர்க் கிணறு ஒன்றில்தான் காலையில் பாட்டிலை நிரப்பியிருந்தேன். எந்தக் கிணறு என்று கேட்கத் துணிவில்லை. பாதி குடித்தாயிற்று. மீதி தப்பி ஓடிவிடும் என்பதுபோல மூடியை இறுக்கித் திருகினேன். வயிற்றுக்குத்தான் மூடி இல்லை.

“அந்த நிமிஷமேவாங்க தம்பி?”

“அது கணக்கோட கோளாறுங்க. நெசத்துல மெதுவாத்தான் வரும். எங்கணக்குல மண்ணு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி.”

“நம்ம மண்ணு அடிக்கு ஒரு மாதிரிங்க. கணக்க உடுங்க. சாயங்காலம் ஊட்டுக்கு வந்து அந்தக் கெணத்துத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா?”



“மாட்டேனுங்க அண்ணி.”

“நேத்து குடிச்சீங்களே.”

“நேத்து நீங்க கேக்கலீங்களே.”