எண்ணெய்க் கப்பலில் ஒன்பது பேர்

விடியற்காலம் நாலரை மணி. தருவைகுளம் கடற்கரைக்குப் போகும் உப்பளப் பாதை. ஆள் இல்லை, நாய்கூட இல்லை... சைக்கிள் சங்கிலியின் சத்தம் மட்டும். ஓட்டிப் போனவர் எஸ்றா. என் சிநேகிதன் ஜெபகனி இருக்கிறானே, அவனுடைய தாய்மாமன். நாசரேத்துக்காரர், தூத்துக்குடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், நாற்பத்தாறு. ஏலே, சிரிக்கிறவன் எழுந்து போய்விடு. நான் கதை விடவில்லை.

சண்டையில் எரிந்துபோன எண்ணெய்க் கப்பல் ஒன்று கடலுக்குள் மணலில் தட்டி நின்றது. நாலு மாடி உயரம், வெறும் இரும்பு. செத்தவர்கள் ஒன்பது பேர்... ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. மழைக்கு முன்னால் அதைப் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கப்பல் கம்பெனியிலிருந்து ஆள் வந்திருந்தது.

எஸ்றாவைப் படகில் ஏற்றிப் போன வள்ளக்காரர் மரியான். அந்த ஒன்பது பேரில் செபாஸ்டின் என்பவன் அவருக்கு ஒரே மகன். போகும் வழியில் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாராம். மகன் தினமும் பொழுது சாயும்போது வீட்டுக்கு வருகிறானாம். கண்ணுக்குத் தெரிய மாட்டான். கொல்லைக் கதவு கிரீச்சிடும்... என்ஜின் எண்ணெய் வாடை வரும்... பானைக்குள் செம்பு முங்கும். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டுதான் அவரும் பெண்டாட்டி பிரகாசியும் உயிரோடு இருந்தார்கள்.

எஸ்றா நம்பவில்லை. பாவம் என்று தலையாட்டி வைத்தார். கப்பலுக்கு எதிரே இருந்த மணல்திட்டில் காமிராவின் முக்காலியை ஊன்றினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கப்பலில் ஒரு காக்கைகூட இல்லை. ஆனால் இருபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? லென்ஸ் மூடியைக் கழற்றும்போது, ஸ்டூடியோவில் சொல்வதையே வாய் சொல்லிவிட்டது.

"எல்லாரும் இங்க பாருங்க... அசையாதீங்க."

ஸ்டூடியோவில் என்றால், மூடியைத் திரும்பப் போட்டதும் 'போதும், போகலாம்' என்பார். அதுவரை ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். அன்றைக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று மரியான் அவசரப்படுத்தினார். மூடியைப் போட்டார், பெட்டியைக் கட்டினார், கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் கொல்லைக் கதவு திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நாலாம் நாள் மரியான் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். எஸ்றா படத்தை எடுத்துக் காட்டினார். மேல்தளத்தில் ஒன்பது பேர்... வரிசையாக, கையைத் தொங்கவிட்டு, நேரே பார்த்தபடி. ஓரத்தில் செபாஸ்டின்.

மரியான் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மெல்லக் கேட்டார்.

"அய்யா, நீங்கதான அசையாதன்னு சொன்னிய... போவலாம்னு சொன்னியளா?"

உடனே கப்பலுக்குப் போய் அதைச் சொல்லிவிடலாம் என்று எஸ்றா கிளம்பினால், கடல் விடவில்லை. புயல். ஐந்து நாள் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. ஆறாம் நாள் போய்ப் பார்த்தால்... கப்பலே இல்லை. மணலைவிட்டுச் சரிந்து ஆழத்துக்குப் போய்விட்டது. தண்ணீர்மேல் எண்ணெய் மட்டும் மினுங்கியது. "போதும்... எல்லாரும் போகலாம்" என்று எஸ்றா தொண்டை கிழியக் கத்தினார். பொழுது அடையும்வரை கத்தினார். மரியான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றும் கதவு திறக்கவில்லை. அதற்கப்புறம் என்றைக்குமே திறக்கவில்லை.

முகமாவது இருக்கட்டும் என்று பிரகாசி ஒரு படம் கேட்டாள். அந்தக் காலத்து நெகட்டிவான அதே கண்ணாடித் தகட்டிலிருந்து எஸ்றா இன்னொரு பிரதி போட்டுக் கொடுத்தார். அதில் மேல்தளத்தில் தண்ணீர் நின்றது... ஒன்பது பேருக்கும் கணுக்கால் அளவு. மறு வருஷம் செபாஸ்டினுடைய நினைவுப் பூசைக்கு ஒன்று போட்டார். நெஞ்சளவு. அதோடு எஸ்றா தொழிலை விட்டுவிட்டார்.

போன மாதம் ஜெபகனி அந்தத் தகட்டை எடுத்துத் தானே ஒன்று போட்டான். என்னிடம் காட்டினான். தண்ணீர் மூக்குக்கு மேலே ஏறிவிட்டது. ஒருவன்கூட அசையவில்லை... கண்கள் மட்டும் வெளியே. இங்கேதான் பார்க்கின்றன.